தீபாவளிச் சாப்பாட்டுக் கணக்கு

மதுரை,
16.11.2025

அன்புள்ள நண்பா,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். வரும் காணும் பொங்கலன்று, அதாவது ஜனவரி 17-ஆம் தேதி சனிக்கிழமை, உங்கள் பூர்விக வீட்டில் எல்லோரும் கூடி உண்பதென்று முடிவாகியிருப்பதையும், செலவை யார் ஏற்பது என்ற பேச்சிலேயே உன் உடன்பிறந்தவர்கள் இருவர் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதையும் எழுதியிருந்தாய். துபாயில் இருக்கும் உன் தம்பி மொத்தச் செலவையும் தானே அனுப்பிவிடுவதாகச் சொல்ல, "அவன் போடும் சோற்றைத் தின்பதற்கு நான் பஸ் ஏறி வர வேண்டுமா?" என்று உன் பெரியண்ணன் கேட்டதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. எங்கள் வீட்டிலும் சென்ற ஆண்டு இதே விஷயம் வெடித்து, இந்த ஆண்டு தீபாவளிக்குத்தான் ஒருவாறு ஒழுங்குக்கு வந்தது. நீ கேட்டபடி நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

அப்பா இருந்தவரை எங்களுக்குச் செலவைப் பற்றிய கவலையே இருந்ததில்லை. அவர் காலத்துக்குப் பிறகு, கையில் பணம் வைத்திருந்தவர் கறி எடுப்பார், வழியில் கடையைப் பார்த்தவர் காய்கறி வாங்குவார், விடுபட்டதையெல்லாம் ஊரில் அம்மாவோடு இருக்கும் தம்பி சமாளிப்பான் என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எழுதி வைத்ததில்லை. 2024 தீபாவளிக்கு வந்திருந்த அண்ணன் மகன், பெங்களூரில் கணினி வேலை பார்ப்பவன், நல்ல எண்ணத்தோடுதான் ஒவ்வொரு செலவையும் கேட்டுக் கேட்டுத் தன் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டான். ஊருக்குத் திரும்பிய மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கணக்கு வந்து விழுந்தது. ஆட்டுக்கு 11,500 ரூபாய், மளிகைக்கு 4,200, பலகாரச் சாமானுக்கு 3,700, காய்கறி, இலை வகைக்கு 1,100, பால், தயிருக்கு 900, ஆக மொத்தம் 21,400. சாப்பிட்டவர்கள் இருபது பேர், தலைக்கு 1,070. அவரவர் குடும்பத்துக்கு உரியதை ஜிபேயில் அனுப்பிவிடலாம் என்று கீழே எண்ணையும் கொடுத்திருந்தான்.

கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த வகுத்தல் என்ன செய்தது என்று பார். ஓய்வூதியம் வாங்கும் அண்ணன் வீட்டில் மூன்று பேர், அவருக்கு 3,210. எனக்கு நான்கு பேர், 4,280. பள்ளிக்கூடம் போகும் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு மானாவாரி நிலத்தை நம்பிப் பிழைக்கும் தம்பிக்கு 5,350. மகள், மருமகன், பேரப்பிள்ளைகளோடு ஏழு பேராக வந்திருந்த அக்காவுக்கு 7,490. மீதி அம்மாவின் பங்கான 1,070. அதையும் விட்டுவைக்காமல் நான்கு பிள்ளைகளுக்கும் தலா 267 ரூபாய் 50 காசு என்று பிரித்துப் போட்டிருந்தான். தம்பி மகள் அதை வாசித்துக் காட்டியபோது, "நான் தின்ன ரெண்டு இட்லிக்கு ஆயிரம் ரூவாயா? எந்தக் கடையில வாங்குனீங்க?" என்று அம்மா கேட்டாளாம். பல் முளைக்காத பேரனுக்கும் அதே 1,070 என்பது அம்மாவுக்குத் தெரியாமல் போனது நல்லது.

தம்பி ஒரு வார்த்தையும் சொல்லாமல் இரண்டு தவணையாகப் பணத்தை அனுப்பிவிட்டான் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். நீயும் கரிசல்காட்டுப் பிள்ளைதான். ஐப்பசியில் விவசாயம் பார்க்கும் சம்சாரியின் கையில் என்ன இருக்கும் என்று உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புரட்டாசியிலேயே விதைக்கும், டி.ஏ.பி. உர மூட்டைக்கும், உழவு டிராக்டருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் தீபாவளி வந்து நிற்கிறது. உளுந்தும் மக்காச்சோளமும் தை, மாசியில் வீடு வந்தால்தான் அவனுக்குக் காசு. நானோ போக்குவரத்துக் கழகத்தில் போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம், அதிகபட்சமான 16,800 ரூபாயை, அதே தீபாவளிக்கு முன் கையில் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவன். ஒரே பண்டிகை எனக்கு வரவு மாதத்திலும் அவனுக்கு வறண்ட மாதத்திலும் வருகிறது. இருவருக்கும் ஒரே தொகையைப் போடுவது சமம் என்று தாளில் தெரியலாம். வீட்டில் அது சமமாக இருக்காது.

இருந்தாலும் அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் கூடி உண்ண என்ன ஆகிறது என்ற மொத்தத் தொகையை அவன்தான் முதன்முதலில் எங்களுக்குக் காட்டினான். அது தெரிந்த பிறகுதான், அந்தத் தொகைக்குள் வராதவை எத்தனை என்ற கேள்வியும் எழுந்தது. நாங்கள் போவதற்கு முன்பு தம்பி வெள்ளையடித்து வைத்த சுவரும், இருபது பேர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கொதித்த வெந்நீருக்கான விறகும், பாதியில் தீர்ந்துபோன சிலிண்டரும் கணக்கில் இல்லை. சென்னையிலிருந்து வரும் அண்ணன், ரயிலில் இடம் கிடைக்காமல், பண்டிகை நாளில் ஆம்னி பஸ்காரர்கள் கேட்ட கட்டணத்தைக் கொடுத்து வந்ததும் கணக்கில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் நாள் மாலை மாவாட்டத் தொடங்கி, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கறிக்குழம்பு கொதிக்க வைத்து, இட்லி கொப்பரையை இறக்கி ஏற்றியபடியே நின்று, கடைசிப் பந்தியில் ஆறிப்போன இட்லியைச் சாப்பிட்ட தம்பி மனைவியின் உழைப்புக்கு அந்தச் செயலியில் இடமே இல்லை. சமைத்தவளும் 1,070 ரூபாய். சமைத்ததைத் தின்றுவிட்டுத் திண்ணையில் படுத்திருந்த நானும் 1,070 ரூபாய்.

இந்தப் பேச்சு வந்தபோது அண்ணன் மகன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் மட்டும் தலைக்கட்டு வரி என்று எல்லோரும் ஒரே தொகை கொடுக்கிறீர்களே சித்தப்பா, அது நியாயம் என்றால் இது ஏன் நியாயமில்லை?" என்றான். நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். கோயில் வரி குடும்பத்துக்கு ஒன்று. வீட்டில் இரண்டு வாய் இருந்தாலும் எட்டு வாய் இருந்தாலும் தொகை மாறுவதில்லை. பிள்ளைகள் அதிகம் என்பதற்காக அங்கே யாரும் கூடுதலாகக் கொடுப்பதில்லை. அதோடு, கோயிலில் சமமாகக் கொடுத்தவனுக்குத்தான் சமமாகப் பேச உரிமை. நாளை முதல் மரியாதை யாருக்கு என்ற பேச்சு வந்தால், வரி கட்டிய நோட்டுத்தான் சாட்சி. அம்மா வீட்டில் ஒருவன் உரிமை அப்படி வருவதன்று. ஒரு ஆண்டு ஒன்றும் கொடுக்க முடியாதவனுக்கும் அங்கே முதல் பந்தியில் இலை உண்டு. பையன் ஒப்புக்கொண்டானா என்று தெரியவில்லை, எதிர்வாதம் செய்யவில்லை.

தலைக்கட்டு வரியில் ஒரு குறை இருக்கிறது என்பதை எடுத்துச் சொன்னவள் அக்கா. கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக் கோயிலுக்கு வரி கொடுக்கத் தேவையில்லை என்பது ஊர் வழக்கம். அதையே சாக்காக வைத்து, பொம்பளைப் பிள்ளையிடம் பண்டிகைச் செலவுக்குப் பணம் வாங்குவது நமக்குக் கேவலம் என்று அண்ணன் அவள் பங்கைத் தள்ளுபடி செய்யப் பார்த்தார். அக்கா விடவில்லை. 1989-இல் தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பூர்விகச் சொத்தில் பங்கு கொடுத்துச் சட்டம் வந்தபோது, அதற்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டதால் அவளுக்கு அது பொருந்தாமல் போனது. 2005-இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்திய பிறகுதான் மணமான பெண்களுக்கும் வழி பிறந்தது. "சொத்துன்னு வந்தா சட்டத்தைப் பார்ப்போம்னு சொல்றீங்க, செலவுன்னு வந்தா மட்டும் நான் விருந்தாளியா?" என்று அவள் கேட்டபோது அண்ணன் பேச்சை மாற்றினார். ஒருவரிடம் பணம் வாங்க மறுப்பது பெருந்தன்மைபோலத் தோன்றினாலும், அவரை வெளியே நிறுத்தும் மரியாதையான வழியும் அதுதான் என்று எனக்குப் பட்டது. உன் தம்பி விஷயத்துக்கும் இது பொருந்தும், பின்னால் வருகிறேன்.

இந்த ஆண்டு ஆவணி மாதமே நான்கு பேரும் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து பேசினோம். தொகையைப் பிரிக்காமல் பொருளைப் பிரிப்பது என்று முடிவாயிற்று. விலை ஏறினாலும் இறங்கினாலும் தாங்கக்கூடிய அண்ணனுக்கும் எனக்கும் ஆடு. மளிகையும் பலகாரமும் அக்காவுக்கு. இட்லிக்கு வேண்டிய உளுந்து தம்பி காட்டில் விளைந்தது. அதையும் வாழை இலையையும் விறகையும் அவன் பொறுப்பில் விட்டோம். அண்ணன் மகன் தன் பங்காகப் பக்கத்து ஊர் சமையல்காரர் ஒருவருக்கும் உதவிக்கு வந்த இரண்டு பெண்களுக்கும் கூலி கொடுத்தான். இந்த யோசனை அவனுடையதே. தம்பி மனைவி தீபாவளியன்று காலை எங்கள் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சமையல்காரரிடம் அவளே குறையும் சொன்னாள்.

ஆடு வாங்க, தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, அக்டோபர் 18-ஆம் தேதி, தம்பியோடு எட்டயபுரம் சந்தைக்குப் போயிருந்தேன். அந்தக் கூட்டத்தையும் தூசியையும் நீ மறந்திருக்க மாட்டாய். பணம் என்னிடம் இருந்தது; ஆட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கொம்பு அழகாக இருந்த ஒரு கிடாயை நான் காட்டினேன். தம்பி அதன் இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான், விலாவைத் தடவினான், பின்னங்காலோடு சேர்த்துத் தூக்கி இறக்கினான். "வயிறு முட்டத் தண்ணி காட்டி ஓட்டியாந்திருக்கான், கறி எட்டுக் கிலோ தாண்டாது" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு நகர்ந்தான். பிறகு அவன் தேர்ந்தெடுத்தது பார்வைக்குச் சுமாரான ஒரு வெள்ளாட்டுக் கிடாய். வியாபாரி 13,500 என்று தொடங்கினான். தம்பி துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசி 11,000-க்கு முடித்தான். உரித்து நிறுத்தபோது கறி மட்டும் 12 கிலோவுக்குக் குறையவில்லை. கறிக்கடை விலைக்கு அது எவ்வளவு ஆகியிருக்கும் என்பதை நீயே பெருக்கிப் பார்த்துக்கொள். அண்ணனும் நானும் கொடுத்த பணத்துக்குள் தம்பியின் பங்கு எவ்வளவு என்று எந்தச் செயலியாலும் சொல்ல முடியாது.

எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று எண்ணிவிடாதே. கூலி கொடுத்துச் சமைத்தால் வீட்டுக் கைமணம் போய்விட்டது என்று அத்தான் முணுமுணுத்தார். அக்கா அதிரசத்துக்கு வெல்லம் வாங்கிக் கொடுத்ததோடு சரி, சுட்டது எல்லாம் என் மனைவிதான் என்று எங்கள் வீட்டில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டு பொருள்களை மாற்றிக்கொள்வதா, இப்படியே விடுவதா என்றும் முடிவாகவில்லை. ஆனால் யாரும் யாருக்கும் பணம் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. அண்ணன் மகன் மொத்தச் செலவை மட்டும் எழுதி, யார் கொடுத்தது என்ற பத்தியே இல்லாமல் குழுவில் போட்டான்.

இனி உன் வீட்டு விஷயம். துபாய்த் தம்பி கெட்டவன் இல்லை. வெளிநாட்டில் இருப்பவனுக்கு ஊரில் எல்லாவற்றையும் தானே செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு இருக்கும். அவனுடைய பணத்தை மறுக்காதே. அது சாப்பாட்டில் விழாமல் மட்டும் பார்த்துக்கொள். வெளியூர்களிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்வது, பந்தல், நாற்காலி வாடகை, அம்மாவுக்கும் சித்திமாருக்கும் சேலை எடுப்பது என்று பெரிய தொகைகளை அவனிடம் விட்டுவிடு. அடுப்பில் ஏறும் அரிசி, பருப்பு, கறி, காய் மட்டும் ஊரில் இருப்பவர்களும் வருகிறவர்களும் கொண்டுவந்ததாக இருக்கட்டும். உன் பெரியண்ணனிடம் தொகை எதுவும் கேட்காதே. தை மாதம் அவருக்குப் புது நெல் வந்திருக்கும். சோற்றுக்கு அரிசி உங்கள் வயலிலிருந்துதான் வர வேண்டும் என்று நீயே நேரில் போய்ச் சொல். தொலைபேசியில் சொன்னால் காரியம் கெடும். உன் தங்கையையும் மறக்காமல் கேள். என்ன செய்கிறாய் என்று கேட்க வேண்டுமே தவிர, ஒன்றும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

சமையல் யார் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு மற்றவற்றைப் பேசு. உன் கடிதம் முழுவதிலும் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. யார் தலையில் அது விழப்போகிறது என்பது உன் மனைவிக்குத் தெரிந்திருக்கும். அவரைக் கேட்டுப் பார்.

காணும் பொங்கலன்று என்னையும் வரச் சொல்லியிருந்தாய். அன்று எனக்குப் பணி இருக்கிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை கோயம்புத்தூர் வந்து சேர்வேன். மிச்சக் குழம்பு இருந்தால் சுட வைத்துக் கொடு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என் பொறுப்பு. உங்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் முன்கூட்டியே எழுது.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்