ஊழியர் கணினிகளில் கண்காணிப்பு மென்பொருள்: அமைப்பு பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அலுவலகக் கணினிகளில் கண்காணிப்பு மென்பொருள் போட்டுத் தரும்படி உங்களில் பலர் கேட்டு வருகிறீர்கள். நிறுவுவது சிறு வேலை. அதன் அமைப்புகளில்தான் (settings) கவனம் வேண்டும். அமைப்புத் திரையின் ஒரு கட்டத்தில் தவறான எண் இருந்தாலும், ஒழுங்காக வேலை பார்க்கும் ஊழியர் மீது அறிக்கை பழி போட்டுவிடும். அதனால் எங்கள் ஆள் வருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் ஊழியரிடம் சொல்லுங்கள். சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலை உறவை நிர்வகிக்கத் தேவையான தகவலை ஊழியரின் ஒப்புதல் இல்லாமலும் திரட்டலாம். ஆனால் எதற்காகத் திரட்டுகிறீர்கள் என்பதை முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும். ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்தக் கணினிகள், என்னென்ன பதிவாகும், எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார்கள், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. ஊழியருக்குத் தெரியாமல் மறைவாக நிறுவும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. அதை நாங்கள் போட்டுத் தருவதில்லை.

விசைப்பலகைப் பதிவு, ஒலிவாங்கி, வெப்கேம் மூன்றையும் முதல் நாளே அணைத்துவிடுங்கள். விசைப்பலகைப் பதிவு ஊழியரின் சிங்பாஸ் (அரசுச் சேவைகளில் நுழையும் இணையக் கணக்கு) கடவுச்சொல்லையும் வங்கிக் கடவுச்சொல்லையும் எழுத்தெழுத்தாகச் சேர்த்து வைக்கும். அந்தக் கோப்பு வெளியே போனால் பொறுப்பு உங்களுடையது.

கணினித் திரையைப் படமெடுத்து வைப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நிமிடத்துக்கு ஒரு படம் கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 8 மணி நேரத்தில் 48 படம். படம் ஒன்று 200 கிலோபைட் என்று கொண்டால், 10 பேருக்கு 22 வேலை நாளில் ஏறத்தாழ 2 ஜிகாபைட் வரும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் அதுவே 20-ஐத் தாண்டும். மேசையில் இரண்டு திரை இருந்தால் இரட்டிப்பாகும். இடத்தைக்கூடக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். படத்துக்குள் இருப்பது என்ன என்பதுதான் பெரிய கவலை. பயண முகவர் அலுவலகத்தில் எடுக்கும் படத்தில் வாடிக்கையாளரின் கடப்பிதழ் இருக்கும். கணக்காளர் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் இருக்கும். நாணய மாற்றுக் கடையில் அடையாள அட்டை எண் இருக்கும். ஊழியரைப் பார்க்க வைத்த மென்பொருள், உங்கள் வாடிக்கையாளரின் தகவலுக்கு இன்னொரு களஞ்சியத்தைத் திறந்துவிடுகிறது. அது கசிந்து 500 பேர் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டால், அறிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்ட 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 500 பேர் இல்லாவிட்டாலும், கடும் பாதிப்பு நேரக்கூடும் என்றால் இதே கடமை உண்டு.

ஆகவே திரையைப் படமெடுப்பது தேவையா என்று முதலில் யோசியுங்கள். எந்தச் செயலி எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்ற எண்ணிக்கையே பெரும்பாலான கடைகளுக்குப் போதும். படம் வேண்டியே தீரும் என்றால், முழுத் திரையை விட்டு இயங்கும் சாளரத்தை மட்டும் எடுக்கும்படி வையுங்கள். சிங்பாஸ், வங்கித் தளங்கள், சொந்த மின்னஞ்சல் மூன்றையும் விலக்குப் பட்டியலில் சேருங்கள். சாளரத் தலைப்பைப் பதிவதையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் சில மென்பொருள்களில் தளத்தை விலக்கிய பிறகும் மின்னஞ்சலின் தலைப்பு வரி பதிவாகிக்கொண்டே இருக்கும். படங்கள் 30 நாளில் தானாக அழியட்டும். பார்க்கும் அனுமதி இருவருக்கு மேல் வேண்டாம். அவர்கள் நுழைவதற்கும் ஒருமுறைக் குறியீடு இருக்கட்டும்.

அடுத்தது சும்மா இருந்த நேரம். விசையோ மவுஸோ அசையாவிட்டால் மென்பொருள் சும்மா இருந்ததாக எழுதும். பல மென்பொருள்களில் இந்த வரம்பு சில நிமிடம்தான். நீண்ட ஒப்பந்தத்தைப் படிப்பவரும், வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசுபவரும், ஸூம் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவரும் அதில் சோம்பேறியாகத் தெரிவார்கள். பில் போடும் மேசைக்கு 10 நிமிடம், படிப்பதும் பேசுவதுமான வேலைக்கு 15 நிமிடம் வையுங்கள். கூட்டச் செயலிகளை வேலை நேரமாகக் குறியுங்கள். எப்படி வைத்தாலும் இந்த எண்ணை மட்டும் காட்டி ஒருவரைக் கண்டிக்காதீர்கள்.

நேர மண்டலத்தையும் பாருங்கள். சர்வர் உலகப் பொது நேரத்தில் இருந்தால் சிங்கப்பூருக்கு 8 மணி நேரம் பின்தங்கும். காலை 9 மணிக்கு வந்தவர் நள்ளிரவு 1 மணிக்கு வந்ததாகக் காட்டும். 7.30-க்கே வருபவரின் முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் கணக்கில் விழும். வேலை நேர அட்டவணையும் உங்கள் கடையோடு ஒத்துப்போக வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிராங்கூன் சாலைக் கடைகள் இரவு நெடுநேரம் திறந்திருக்கும். அட்டவணை 6 மணியில் நின்றால், அதன் பிறகு பார்த்த வேலை அறிக்கையில் வராது. வீட்டுக்குக் கொண்டுபோகும் மடிக்கணினியில், வேலை நேரம் முடிந்ததும் பதிவு நின்றுவிட வேண்டும்.

ஒரே கணினியை மூவர் ஒரே பயனர் பெயரில் திறந்தால், மூவர் வேலையும் ஒருவர் கணக்கில் ஏறும். ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு இல்லாமல் நிறுவ வேண்டாம். மென்பொருள் ஏறிய வட்டை நகலெடுத்து வேறு கணினியில் போட்டால், இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு ஒரே கணினியாகத் தெரியலாம். நகலெடுத்த பின்பே நிறுவுங்கள். வைரஸ் தடுப்பு இதை உளவு மென்பொருள் என்று பிடித்து வைப்பதுண்டு. அப்போது அந்தக் கணினி பட்டியலில் இருக்கும், தகவல் மட்டும் வராது.

மேக் கணினியில் திரைப்பதிவு அனுமதியைக் கணினியின் முன் உட்கார்ந்து கையால்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் படத்தில் பின்னணிச் சித்திரம் மட்டுமே இருக்கும். மேக்ஓஎஸ் 15 முதல் இந்த அனுமதியை அவ்வப்போது மறுபடி கேட்கிறது. திரையில் வரும் அந்தக் கேள்வியை என்ன செய்வது என்று ஊழியருக்குச் சொல்லி வையுங்கள்.

ஊழியர் தம்மைப் பற்றிய பதிவைக் கேட்டால் காட்ட வேண்டும். 30 நாளுக்குள் இயலாவிட்டால், எப்போது தருவீர்கள் என்பதை அதற்குள் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

முதலில் இரண்டு கணினிகளில் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்போம். அதில் ஒன்று உங்கள் மேசைக் கணினியாக இருக்கட்டும். வரும் நாளைக் குறிக்க எங்களுக்குத் தேவையானவை: கணினிகளின் எண்ணிக்கை, விண்டோஸா மேக்கா என்ற விவரம், வேலை நேரம், ஊழியருக்குக் கொடுத்த அறிவிப்புக் கடிதத்தின் நகல். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் கேளுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும் மாதிரி தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் கணினிச் சேவைக் குழு