சாக்லேட் விலை, வரி, வரும் தேர்தல்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பிலும் எங்கள் குன்னூர்க் கடைக்கு வரும்போதும் பலர் கேட்பது ஒன்றுதான்: "சாக்லேட்டுக்கு வரியைக் குறைத்துவிட்டார்களே, அப்புறம் ஏன் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இறங்கவில்லை?" சட்டமன்றத் தேர்தல் நேரம் வேறு. யாருக்கு ஓட்டு போட்டால் இன்னும் குறையும் என்று சிலர் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட விவரமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

முதலில் விலை. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது சாக்லேட்டுக்கு 28 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் 18 ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 5. வரிக்கு முன் 200 ரூபாய் உள்ள பெட்டிக்கு முன்பு 236 ரூபாய் கொடுத்தீர்கள், இப்போது 210. மில்க், நட்ஸ் வகைகளில் இந்தக் குறைப்பை அப்படியே உங்களுக்குக் கொடுத்துவிட்டோம், பழைய பில் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். டார்க் சாக்லேட்டில் மட்டும் அவ்வளவு தெரியாது. 2024-ல் கானா, ஐவரி கோஸ்ட் பக்கம் விளைச்சல் படுத்து, கொக்கோ விலை உலகச் சந்தையில் டன்னுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. தாவரக் கொழுப்பு கலந்த காம்பவுண்ட் கட்டியை உருக்கினால் செலவு பாதியாகும்தான், ஆனால் டார்க்கில் கொக்கோ வெண்ணெய் உள்ள கட்டியைத் தவிர வேறு எதையும் நாங்கள் தொடுவதில்லை. அதனால் அதன் அடக்க விலையே ஏறியிருக்கிறது.

"மார்க்கெட் பக்கம் ஒருவர் வரியே போடாமல் விற்கிறாரே?" என்றும் கேட்கிறார்கள். ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்து, தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அவர் செய்வது முழுக்கச் சட்டப்படி சரி. பெங்களூருக்கு ஒரே ஒரு பெட்டி பார்சல் போட்டாலும் பதிவு கட்டாயம், எங்கள் விற்பனையில் பெரும்பகுதி அப்படித்தான் வெளியே போகிறது. முன்பு அவருக்கும் எங்களுக்கும் நூறு ரூபாய்க்கு 18 ரூபாய் வித்தியாசம், இப்போது 5. சிறிய கடைக்கு இது உண்மையிலேயே பெரிய நிம்மதி, அதை மனதாரச் சொல்கிறோம். ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால், கடை வாடகைக்கான 18 சதவீதத்தை 2024 அக்டோபர் 10 முதல் வாடகைக்கு இருக்கும் எங்களைப் போன்றவர்களே கட்ட வேண்டும். கூரியருக்கும் 18. இவற்றை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது சரிதான், ஆனால் விற்பனை வரியே 5 ஆகிவிட்டதால் கூட்டம் இல்லாத மழை மாதங்களில் கழிக்க இடமில்லாமல் பணம் கணக்கிலேயே முடங்கிக் கிடக்கிறது. சேவைகளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப வாங்கவும் வழியில்லை.

சரி, தேர்தலுக்கு வருவோம். ஜிஎஸ்டியை எந்த எம்எல்ஏவும் குறைக்க முடியாது, முதலமைச்சரும் தனியாகக் குறைக்க முடியாது. விகிதத்தை முடிவு செய்வது ஜிஎஸ்டி கவுன்சில். அதில் ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு, ஒரு முடிவு தேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். அங்கே தமிழ்நாட்டுக்கும் சிக்கிமுக்கும் ஒரே எடைதான், நூற்றுக்கு இரண்டு சொச்சம். இன்னொன்றும் உண்டு. பெங்களூரில் இருந்துகொண்டு எங்களிடம் நீங்கள் வாங்கும் பெட்டியின் வரியில் மாநிலப் பங்கு கர்நாடகாவுக்குப் போகிறது, செய்வது குன்னூரில் என்றாலும். உற்பத்தி செய்யும் மாநிலத்துக்கு இழப்பு என்று சொல்லித்தான் 2016 ஆகஸ்டில் ஜிஎஸ்டி மசோதா வந்தபோது மாநிலங்களவையில் அதிமுக வெளிநடப்பு செய்தது. வருமானம் குறைந்த மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு தந்த இழப்பீடும் ஐந்தாண்டுகள் கொடுத்து 2022 ஜூனில் முடிந்துவிட்டது.

நாங்கள் உங்களிடம் சொல்ல நினைப்பது இதைத்தான்: வரி விகிதம் இப்போது மைசூரிலும் வயநாட்டிலும் குன்னூரிலும் ஒன்று. அந்த ஊர்க் கடைகளோடு நாங்கள் போட்டி போட முடியுமா என்பது கரண்ட் பில்லிலும் டீசலிலும் ரோட்டிலும்தான் இருக்கிறது. அவற்றில் மாநில அரசால் செய்ய முடிந்தது நிறைய. ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம் அதைக் கேளுங்கள்.

கரண்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் இங்கே பனிமூட்டம் கதவு வழியாகக் கடைக்குள்ளேயே வந்துவிடும். ஈரம் ஏறினால் சாக்லேட் வியர்க்கும், காய்ந்த பிறகு மேலே சர்க்கரை வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும், சாப்பிடலாம் என்றாலும் விற்க முடியாது. அதனால் ஈரம் உறிஞ்சும் மெஷின் ராத்திரி முழுக்க ஓட வேண்டும், பகலில் உருக்கும் மெஷின் ஓட வேண்டும். 2022 செப்டம்பர் 10 முதல் கட்டணம் ஏறியது, 2024 ஜூலையில் மேலும் 4.83 சதவீதம். யூனிட் கட்டணத்தையாவது புரிந்துகொள்ளலாம், ஆள் வராத மாதத்திலும் கிலோவாட் கணக்கில் வாங்கும் நிலைக் கட்டணம்தான் சிறிய கடைகளை அரிக்கிறது. மலையில் தொழில் சீசனை நம்பியது, அதற்கேற்ற ஒரு கட்டண முறை கேட்பது பேராசை இல்லை என்று நினைக்கிறோம்.

டீசல் ஜிஎஸ்டிக்குள் வரவேயில்லை. 2020 மே மாதத்தில் தமிழ்நாடு வைத்த வாட் வரி 11 சதவீதம், கூடவே லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு. 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள், டீசலைத் தொடவில்லை. அட்டைப் பெட்டி முதல் முந்திரி வரை எங்களுக்கு எல்லாம் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறித்தான் வருகிறது, அந்த டீசல் வரியில் ஒரு காசுகூடக் கழித்துக்கொள்ள முடியாது.

வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர எடுக்க வேண்டிய இ-பாஸ் பற்றி ஒரு வார்த்தை. 2024 மே 7 முதல் நடப்பில் இருப்பது உயர் நீதிமன்ற உத்தரவு. "வந்த மறுநாளே நீக்குவேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலை தாங்கும் அளவு என்று ஒன்று இருப்பதை நாங்கள் மறுக்கவில்லை, தண்ணீருக்குப் படும் பாட்டை ஒவ்வொரு ஏப்ரலிலும் பார்க்கிறோம். கார்களைக் குறைத்தால் அதற்கு ஈடாக அரசுப் பேருந்தைக் கூட்டுவதும் அடிவாரத்தில் நிறுத்துமிடம் கட்டுவதும் மாநில அரசு நினைத்தால் நடக்கிற காரியம். எந்தக் கட்சிக்குப் போடுங்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எங்கள் தொகுதியில் வாக்கு கேட்பவர்களிடம் மேலே சொன்ன கரண்ட் கட்டணம், டீசல் வரி, பேருந்தும் நிறுத்துமிடமும் என்ற மூன்றையும் எழுதிக் கொடுக்கப் போகிறோம்.

இனி ஆர்டர் விஷயம். தேர்தல் நடத்தை விதி இருக்கும் நாட்களில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுவந்தால் ஆவணம் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பறக்கும் படை எடுத்துவைத்துவிடும். கணக்கைக் காட்டி மாவட்டக் குழுவிடம் திரும்ப வாங்கலாம், ஆனால் அலைச்சல். மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் போட்டுவிட்டுப் பணத்தோடு திரும்பும் விவசாயிகள் ஒவ்வொரு தேர்தலிலும் படும் கஷ்டம் இது. நீங்கள் யுபிஐயிலோ வங்கி வழியாகவோ அனுப்பிவிடுங்கள். கல்யாணத்துக்கு மொத்தமாகப் பெட்டிகள் எடுத்துப் போகிறவர்கள் எங்கள் பில்லையும் கல்யாணப் பத்திரிகை ஒன்றையும் வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வாக்காளருக்குப் பரிசு கொண்டுபோவதாகச் சந்தேகம் வந்தால் கல்லாறு சோதனைச் சாவடியில் அதைக் காட்டினால் போதும்.

சோதனையால் பார்சல் வண்டிகள் தாமதமாகலாம். அதனால் தேர்தல் முடியும் வரை வெள்ளி, சனிக்கிழமைகளில் வெளியூர்ப் பார்சல் போடப் போவதில்லை. ஞாயிறு முழுக்க குடோனில் கிடந்தால் கோடை வெயிலில் உருகிவிடும். வியாழன் மதியத்துக்குள் ஆர்டர் வந்தால் அன்றே அனுப்புகிறோம், அதன் பிறகு வருவது திங்கள்கிழமை கிளம்பும். புது விலைப் பட்டியலை உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறோம். வராதவர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சாக்லேட் கடை, குன்னூர்