பதவி விலகலும் பதவி நீக்கமும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் வெளியான அரசியல் கட்டுரை, 2022இல் சனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ இலங்கை அரசியலமைப்பின்படி பதவி நீக்கப்பட்டார் என்றும், நம்பிக்கையில்லாப் பிரேரணை ஒன்று சாதாரண பெரும்பான்மையால் நிறைவேறினாலே எந்தச் சனாதிபதியும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றும் கூறுகிறது. இரண்டும் தவறு.

அவரை யாரும் நீக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து சபாநாயகருக்குக் கடிதம் அனுப்பி அவரே விலகினார். ஜூலை 15 அன்று சபாநாயகர் அதை அறிவித்த பின்னர், அரசியலமைப்பின் 40ஆம் உறுப்புரையின்படி பாராளுமன்றம் எஞ்சிய காலத்துக்கு ஒருவரைத் தெரிவுசெய்தது. நம்பிக்கையில்லாப் பிரேரணையோ அமைச்சரவையைத்தான் கலைக்கும். அவ்வாண்டு மே 17 அன்று சனாதிபதிக்கு எதிரான அதிருப்திப் பிரேரணையை உடனே விவாதிக்க எடுத்த முயற்சி 119க்கு 68 என்று தோற்றது. வென்றிருந்தாலும் அது வெறும் கண்டனமே. (அதற்கு ஒரு வாரம் முன்னர் எமது திருகோணமலைக் கடற்படைத் தள வாயிலில் திரண்ட சனத்துக்குள்ளும், பிரதமர் விலகிவிட்டதால் சனாதிபதியும் தானாகப் போய்விடுவார் என்ற பேச்சு இருந்தது.)

நீக்குவதற்கான வழி 38(2)ஆம் உறுப்புரையில் உள்ளது. நிரந்தர உடல், மன இயலாமை, அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறுதல், தேசத்துரோகம், இலஞ்சம், அதிகாரத் துஷ்பிரயோகத்தோடு கூடிய ஊழல் போன்ற குற்றச்சாட்டுகளை ஒரு பிரேரணையாக விவரமாக எழுதி, மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 225 பேரில் 150 பேர், கையொப்பமிட வேண்டும். பாதிப்பேர் மட்டுமே ஒப்பமிட்டால், விசாரணைக்குத் தகுதியுண்டென்று சபாநாயகர் திருப்திப்பட வேண்டும். பின்னர் 150 வாக்குகளால் அது உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். அங்கே சனாதிபதி தன் தரப்பைச் சொல்லலாம். நீதிமன்றம் குற்றவாளியென அறிக்கையிட்டாலும், மீண்டும் 150 வாக்குகள் கிடைத்தால்தான் பதவி பறிபோகும். தென்கொரியாவில் பாராளுமன்றம் குற்றஞ்சாட்ட, இறுதித் தீர்ப்பை அரசியலமைப்பு நீதிமன்றம் வழங்குகிறது; 2025 ஏப்ரலில் யூன் சுக் யோல் அப்படித்தான் நீக்கப்பட்டார். இங்கே கடைசிச் சொல் அரசியல்வாதிகளுடையது. 2024 நவம்பர் தேர்தலில் சனாதிபதியின் கூட்டணியே 159 ஆசனங்களைப் பெற்ற நிலையில், இது எவ்வளவு தொலைவு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கட்டுரையாளர் தொடாத முக்கியமான இடம் சபாநாயகர். அவர் பிரேரணையை ஏற்றுக்கொண்டதும், 70ஆம் உறுப்புரையின்படி சனாதிபதியால் பாராளுமன்றத்தைக் கலைத்துத் தப்ப முடியாது. 1991இல் அப்போதைய சனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான பிரேரணைக்கு இரகசியமாகக் கையொப்பம் திரட்டியதன் காரணம் அதுதான். சபாநாயகர் எம். எச். முகம்மது முதலில் அதை ஏற்றார். சில வாரங்களுக்குப் பின்னர், செல்லுபடியான கையொப்பங்கள் போதாதென்று நிராகரித்தார். உறுப்பினர்கள் தம் ஒப்பத்தைத் திரும்பப் பெறலாமா, எதுவரை பெறலாம் என்பதற்கு அரசியலமைப்பில் விடையில்லை.

சனாதிபதியின் செயலைச் சட்டவிரோதமென நிறுவ 38(2) ஒன்றே வழி என்பதும் சரியன்று. 2018இல் பாராளுமன்றத்தைக் கலைத்த மைத்திரிபால சிறிசேனவின் பிரகடனத்தை, எமது மாவட்டத்தின் அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் இரா. சம்பந்தன் முதலானோரின் அடிப்படை உரிமை மனுக்களில் ஏழு நீதியரசர்கள் ஏகமனதாக ரத்துச் செய்தனர். பிரகடனம் போனது, சனாதிபதி பதவியில் நீடித்தார்.

புதிய அரசியலமைப்பு பற்றிப் பேசுவோர், சபாநாயகர் முடிவெடுக்க ஒரு காலவரையறையையும், கையொப்பத்தைத் திரும்பப் பெறுவது பற்றிய ஒரு தெளிவான விதியையும் 38(2)இல் சேர்க்க வேண்டும்.

வாசகர்,
உவர்மலை, திருகோணமலை