தோட்டப்புறத்துக்கு மன்றத்தில் ஓர் இடம்: மாநில அரசுக்குத் திறந்த மடல்

மாண்புமிகு மந்திரி பெசார் அவர்களுக்கும் ஆட்சிக்குழுவினருக்கும், வணக்கம்.

எங்கள் நகராண்மைக் கழகத்தின் புதிய உறுப்பினர் பட்டியல் வந்துவிட்டது. ஊரைச் சுற்றி நாலாபுறமும் செம்பனைத் தோட்டங்கள். பட்டியலில் தோட்டத்தில் குடியிருப்பவர் ஒருவர்கூட இல்லை. போன தவணையிலும் இல்லை. தோட்டத்து மக்கள் தேர்ந்தெடுத்த, தோட்டத்திலேயே குடியிருக்கும் ஒருவர் மன்றத்தில் உட்கார வேண்டும். எங்கள் கோரிக்கை இது ஒன்றுதான்.

அப்படி ஒருவர் இல்லாததால் என்ன ஆகிறது என்று அறிய, தோட்டத்து முச்சந்தியில் சாலைக்கு அடியில் போகும் சிமெண்டுக் குழாயைப் பார்த்தால் போதும். 600 மில்லிமீட்டர் குழாய். மழையில் அடித்து வரும் மட்டையும் மண்ணும் அதன் வாயை அடைத்துக்கொள்ளும். பிறகு ஒரு மணி நேரம் பெய்தாலே தண்ணீர் திரும்பி வந்து லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசற்படி ஏறுகிறது. ஒரு பேக்ஹோ, ஒரு லோரி, நான்கு ஆள், அரை நாள் வேலை. வாய்க்கு முன்னால் சாய்வாக ஓர் இரும்புக் கம்பித் தடுப்பு வைத்து, மாதம் ஒருமுறை மட்டையை அள்ளிப் போட்டால் அப்புறம் அடைக்காது.

யார் செய்வது? மேலே உள்ள கால்வாய் தோட்ட நிர்வாகத்துடையது. சாலை பொதுப்பணித் துறையுடையது. கீழே ஓடும் வடிகால் கழகத்துடையது. கழகத்திடம் புகார் கொடுத்தால், "அது தனியார் நிலம்." நிர்வாகத்திடம் போனால், "சாலை எங்களுடையது அல்ல." தாமானில் (நகர வீடமைப்புப் பகுதியில்) வடிகால் அடைத்தால் அந்த வட்டார உறுப்பினர் பொறியியல் பிரிவுக்கு ஒரு போன் போடுகிறார், ஆள் வருகிறது. இந்த மூன்று தரப்பையும் ஒரே காலையில் முச்சந்திக்கு வரவழைக்க எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, 8 முதல் 24 உறுப்பினர்களை நியமிக்கும் பொறுப்பை உங்களிடமே தந்திருக்கிறது. தம் சமூகத்தின் நலனை எடுத்துச் சொல்லக்கூடியவர் என்பதும் அதில் ஒரு தகுதி. தோட்ட மண்டபத்தில் இரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள். அதிக ஓட்டு வாங்கியவரை நியமியுங்கள். எந்தத் திருத்தமும் தேவையில்லை.

1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டதும், ஆதி நாகப்பன் தலைமையிலான ஆணையம் அதை மீட்கச் சொன்னதும், 1976 சட்டம் கதவை மூடியதும், அந்தத் தேர்தலைத் தானே நடத்த உரிமை கேட்டு 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் பினாங்கு மாநிலம் தோற்றதும் தாங்கள் அறிந்தவை. தேர்தல் திரும்பினால் ஒன்றைக் கவனியுங்கள்: தோட்டங்களைத் தாமான் வட்டாரங்களுக்கு வாலாக ஒட்டிவிடாதீர்கள். தலையை மட்டும் எண்ணினால் நாங்கள் மூழ்கிப் போவோம். நாடாளுமன்ற, சட்டமன்றத் தொகுதிகளைப் பிரிக்கும்போது நாட்டுப்புறத்தின் பரப்பளவுக்கும் சிரமங்களுக்கும் ஓரளவு கூடுதல் எடை தர அரசியலமைப்பின் 13ஆவது அட்டவணை சொல்கிறது. ஊராட்சி வட்டாரத்துக்கும் அதே அளவுகோல் வேண்டும்.

வாக்காளர் பட்டியலும் சிக்கல்தான். 2021 டிசம்பரிலிருந்து பதிவு தானாக நடக்கிறது. முகவரி அடையாள அட்டையில் உள்ளபடி. லயத்தை இடித்த பிறகு அடுக்குமாடிக்குப் போனவர்களில் பழைய முகவரியை மாற்றாதவர்கள் உண்டு. பட்டியலை முடிக்குமுன் தேசியப் பதிவு இலாகாவின் நடமாடும் முகப்பு இரண்டு சனி, ஞாயிறு தோட்ட மண்டபத்துக்கு வரட்டும்.

பொதுத்தேர்தல் வந்தால் கூடாரமும் நாற்காலியும் அதே மண்டபத்துக்கு வந்துவிடுகின்றன. முச்சந்தியைக் கடந்துதான் எல்லாரும் வருகிறார்கள். குழாயைக் குனிந்து பார்த்தவர் எவருமில்லை. பால்மர (ரப்பர்) காலத்திலிருந்து இந்த ஊரை உண்டாக்கிய உழைப்புக்கு ஊர் மன்றத்தில் இடமில்லை என்பது பொறுக்கக்கூடியதாக இல்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. பட்டியலில் ஓர் இடம் காலியாகும் முதல் சந்தர்ப்பத்திலேயே அதைத் தோட்டத்தில் குடியிருப்பவருக்கு, தோட்டத்து மக்கள் தேர்ந்தெடுப்பவருக்கு, ஒதுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை அந்தக் குழாயைப் பார்க்க ஓர் அதிகாரியையாவது அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
தோட்டப்புறக் குடியிருப்பாளர்கள்