காசு கொடுத்தவரா, படத்தில் இருப்பவரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டில் 1884 முதல் 1954 வரை படமெடுத்த பூல் ஸ்டுடியோவின் கண்ணாடி நெகட்டிவ்கள் அந்நாட்டுத் தேசிய நூலகத்தில் உள்ளன. அவற்றில் ஊர்க்காரர்களை அடையாளம் காண்போர் சறுக்குவது பெயரில்தான். பல படங்களுக்கு உள்ள பெயர், எடுக்கச் சொன்னவருடையது. படத்தில் இருப்பது அவர் மகளாகவோ மாமியாராகவோ இருக்கலாம். 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் இணையத்தில் இலவசம். வீட்டிலிருந்தோர் பெயர், வயதோடு ஒப்பிடலாம். ஆனால் 1901இல் சொன்னதைவிட 1911இல் முதியோர் பலரின் வயது பத்தாண்டுக்கு மேல் கூடியிருக்கும். 1909இல் வந்த, எழுபது வயதானோருக்கான ஓய்வூதியம் செய்த வேலை!

நெகட்டிவிலிருந்து படம் எடுக்கையில் கண்ணாடித் தகட்டின் பளபளப்பற்ற (படம் பதிந்த) பக்கம் மாறிப்போனால் படம் இடவலம் மாறிவிடும். எழுத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கக் கடைப்பலகை இல்லையென்றால் ஆண்களின் கோட்டைப் பாருங்கள்: பொத்தான் அவர்களுடைய வலப்பக்கம் இருக்க வேண்டும்.

- ஒரு வாசகர்