நடுக்கோடு உன் தோள் பக்கம்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் நீ அழுததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. "ஏழு வருஷமா வண்டி ஓட்டுறேன்மா, இங்க வந்து ஒரு திருப்பம்கூட ஒழுங்கா திரும்பத் தெரியலை" என்றாய். உனக்கு எதுவும் மறந்துபோகவில்லை. நம் ஊரில் சாலையின் இடப்பக்கமே ஓட்டிப் பழகிய உடம்பை, அந்த நாட்டில் வலப்பக்கத்துக்கு மாற்றுகிறாய். அதற்கு நாள் ஆகும்.

இண்டிகேட்டர் போடப் போனால் வைப்பர் ஓடுகிறது, கியருக்குக் கையை நீட்டினால் கதவில் இடிக்கிறது என்றாயே, அதை விடு. கை தானாகப் பழகிவிடும். கவனிக்க வேண்டியது, வண்டி வலது ஓரமாகவே நகர்ந்துபோவதைத்தான். இத்தனை வருஷம் வண்டியின் வலது பாதியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்த கண் அது. இடது பாதிக்கு வந்த பிறகும் உன்னைப் பழைய இடத்திலேயே வைக்கப் பார்க்கும். அதனால்தான் ஓரத்தில் நிற்கும் வண்டிகளை உரசுகிற மாதிரி போகிறாய். பானெட்டைப் பார்க்காதே, தூரத்தில் உன் தடத்தின் நடுவைப் பார். வண்டி தானாக நடுவுக்கு வரும்.

எனக்கு உதவிய ஒன்றைச் சொல்கிறேன். அந்தந்த நாட்டுச் சாலைக்கென்று செய்த வண்டியில் ஓட்டுகிறவர் சாலையின் நடுப்பக்கமாகத்தான் உட்கார்ந்திருப்பார். ஆகவே இருவழிச் சாலையில் நடுக்கோடு எப்போதும் உன் இடது தோள் பக்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பம் முடிந்ததும் "கோடு என் தோள் பக்கம்" என்று வாய்விட்டுச் சொல். நான் மாதக்கணக்கில் சொன்னேன். இடப்பக்கம் திரும்புவதுதான் இப்போது பெரிய திருப்பம், எதிரே வருகிறவர்களுக்கு வழிவிட்டுத் திரும்ப வேண்டும். ரவுண்டானாவில் வண்டிகள் உன் இடப்புறமிருந்து வரும்.

இனி, உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று.

உனக்கு அப்போது நாலு வயது. அப்போது நாம் இருந்த வெளிநாட்டு நகரத்தில் நான் லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. பயமெல்லாம் போய்விட்டது. ஒரு நாள் விடியற்காலையில் பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வந்தேன். சாலையில் ஒரு வண்டி இல்லை. பழைய வழக்கப்படி இடப்பக்கம் ஏறி நிம்மதியாக ஓட்டிக்கொண்டு போனேன். எதிரே லாரியின் விளக்கு தெரிந்தபோதுகூட, இவர் ஏன் என் பக்கம் வருகிறார் என்றுதான் தோன்றியது. அவர் ஹாரனை விடாமல் அடித்து, நின்றேவிட்டார். அதனால் தப்பித்தோம். நீ பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். வண்டியை ஓரம் கட்டிவிட்டு உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

நெரிசலில் இந்தத் தப்பு அவ்வளவாக வராது, முன்னால் போகிற வண்டி வழிகாட்டிவிடும். காலிச் சாலை, பார்க்கிங்கிலிருந்து வெளியே வரும் வாசல், ஒருவழிச் சாலை முடிகிற முனை, மனசு வேறெங்கோ இருக்கிற நேரம், இங்கெல்லாம்தான் பழைய பழக்கம் எட்டிப் பார்க்கும். ஸ்வீடன் நாடு 1967 செப்டம்பர் 3 அன்று ஒரே நாளில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அங்கே அதன்பின் விபத்துகள் கூடவில்லை, குறைந்தன. எல்லோரும் பயந்து பயந்து ஓட்டினார்கள். பழகிய பிறகு விபத்துகள் பழைய அளவுக்கே திரும்பிவிட்டன. அதனால் இப்போது உனக்கு இருக்கிற பயத்தைப் பார்த்து எனக்குக் கவலை இல்லை. அது போன பிறகு வரும் மாதங்களை நினைத்துத்தான் கவலை.

அந்த ஊர் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படி. சிவப்பு விளக்கில் முழுதாக நின்றுவிட்டு வலப்பக்கம் திரும்ப அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் விடுவார்கள், நியூயார்க் நகரத்தில் பலகை அனுமதித்தால்தான் உண்டு. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருகிறவருக்கே முதல் வழி என்பது ஐரோப்பாவில் பல நாடுகளின் விதி. ஹெட்லைட்டை விட்டுவிட்டு அடித்தால் ஒரு ஊரில் "நீ போ", இன்னொரு ஊரில் "நான் வருகிறேன், நில்". ஊகித்து ஓட்டாதே.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 14 மீட்டர் போய்விடுவாய். வழி பார்க்க போன் பக்கம் இரண்டு நொடி திரும்பினால் 28 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். கிளம்பும் முன்பே வழியை ஒருமுறை பார்த்துக்கொள், பிறகு குரலை மட்டும் கேள். திருப்பத்தைத் தவறவிட்டால் விட்டுவிடு, நேராகப் போ, அடுத்த திருப்பம் வரும். பின்னால் ஹாரன் அடிக்கிறவருக்காக அவசரப்பட்டு எதுவும் செய்யாதே.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், சாலை காலியாக இருக்கும்போது ஓட்டிப் பழகப்போவதாகச் சொன்னாய். வேண்டாம் கண்ணம்மா. எட்டு, ஒன்பது மணிக்குப் போ, முன்னால் நாலு வண்டி போய்க்கொண்டிருக்கட்டும். வீடு திரும்பியதும் எனக்கு ஒரு வரி அனுப்பு. இங்கே எந்த நேரமானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா