விற்பனைக்கு வராத தட்டு

அன்புள்ள கயல்,

நீ வாங்கப் பார்க்கும் பழைய இசைத்தட்டுகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பு, வெள்ளை, நீலத்தில் லேபிள், 12 அங்குலத் தட்டு. சந்தேகமே இல்லை, வி-டிஸ்க்தான். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைகளுக்கு இலவசமாகப் போனது. 1942 ஆகஸ்டில் அங்கே வாத்தியக்காரர் சங்கம் ரிக்கார்டு கம்பெனிகளுக்கு வாசிக்க மறுத்துவிட்டது. படைக்கு மட்டும், விற்கக் கூடாது என்ற பேச்சில்தான் இதற்கு வாசித்தார்கள். 1943 அக்டோபரில் தொடங்கி 1949 வரை வந்தது. கடையில் விற்ற தட்டுகளில் கிடைக்காத வாசிப்பு இதில் இருப்பது அதனால்தான்.

ஆனால் 'விற்கத் தடை செய்தது, அதனால் அபூர்வம்' என்று விற்கிற ஆள் சொன்னால் தலையாட்டிவிடாதே. எண்பது லட்சம் தட்டு அடித்தார்கள். கிளென் மில்லர், டாமி டோர்சி மாதிரிப் பெரிய நடன இசைக்குழுக்காரர்கள் எந்தப் பெட்டியிலும் கிடப்பார்கள். மவுசு சின்னக் குழுக்களின் ஜாஸுக்குத்தான்: 1944 டிசம்பரில் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் ஜாக் டீகார்டனும் சேர்ந்து வாசித்தது, 1943 செப்டம்பரில் ஃபேட்ஸ் வாலர் தனியாகப் பியானோவில் உட்கார்ந்தது (டிசம்பரில் மனிதர் போய்விட்டார்). ஒரு பக்கம் சாதாரணப் பாட்டு, மறுபக்கம் நல்ல சரக்கு என்றும் இருக்கும். எல்லாவற்றையும் திருப்பிப் பார்.

பிறகு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துத் தட்டைச் சாய்த்துப் பார். கருப்பாகப் பளபளத்தால் சரி. சாம்பல் பூத்தாற்போலிருந்தால், முகாம் கிராமபோனின் இரும்பு முள் தின்றிருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் அது போகாது. லேபிளை ஒட்டிய கடைசி வரிகளில் (முள் ஓடும் பள்ளங்களில்), டிரம்பெட்டுகள் உரக்க வரும் இடத்தில்தான் முதலில் தேயும். அதை மட்டும் போட்டுக் கேட்டாலே போதும். விற்பவர்கள் போடும் தரக்குறியில் ஈ (E) என்றால் நன்றாக இருக்கிறது, வி (V) என்றால் பரவலாகத் தேய்ந்தும் கேட்கலாம். ஜி (G) என்பதைப் பார்த்து 'குட்' என்று ஏமாறாதே, அது நன்றாகவே தேய்ந்தது.

கழுவும் முன் எதனால் செய்தது என்று பார். அரக்கு (ஷெல்லாக்) நம் நாட்டிலிருந்து கப்பலேற வேண்டியது, போரில் தட்டுப்பாடு; வழியில் உடையவும் உடையும். அதனால் பெரும்பாலும் வினைல் மாதிரிப் பொருளில் அடித்தார்கள், ஆனால் அரக்குத் தட்டும் உண்டு. விரல் நுனியால் விளிம்பைத் தட்டு: அரக்கு பீங்கான்போல் கணீரென்னும், மற்றது மந்தமாகச் சத்தமிடும். அரக்கில் ஆல்கஹால் பட்டால் மேற்பரப்பே கரைந்து வந்துவிடும். எதுவென்று குழப்பமானால் ஆல்கஹாலே வேண்டாம். வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஓரிரு சொட்டு பாத்திர சோப்பு, மெல்லிய தூரிகை, வரியோடு வட்டமாக. லேபிள் நனையக் கூடாது. அலசி, நிமிர்த்தி வைத்து உலர்த்து.

உன் எல்பி முள் இதற்கு ஆகாது. வரியின் அடியில் போய் உராயும், இரைச்சல்தான் வரும். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டரைப் பங்கு அளவுள்ள முனை வாங்கு. அதிலும் கரகரத்தால் கொஞ்சம் பெரிய முனையை வைத்துப் பார். வரியின் தேயாத சுவரில் உட்கார்ந்தால் சத்தம் தெளியும்.

விலைக்கு, விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காதே, ஏலத்தில் முடிந்த தொகையைத் தேடு. தரமும் ஒத்துப்போக வேண்டும்.

பெட்டியில் படுக்கவைத்து அடுக்காதே, செங்குத்தாக வை. காரில் வெயிலில் விட்டால் சீக்கிரமே வளைந்துவிடும்.

அப்பா